யோகலட்சுமி பேருக்கு வந்த பன்னீர் ரோஜா

என் அக்கா புருஷன் ஜம்புலிங்கத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதச் சொன்னால் என்னால் முடியாது. கோபத்தோடு எழுதச் சொன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் எழுதுவேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த மனிதர் போகிற இடமெல்லாம் சண்டை போடுவார். பின்னாலேயே போய் ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று சொல்லி வருவது என் வேலை. என் பேர் தணிகைமணி. திருத்தணி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். அவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவேன். கடையில் உட்காரும் நேரத்தில் பாதி பாவாவின் பஞ்சாயத்துக்கே போய்விடுகிறது.

அவருக்குச் சொந்த ஊர் பொதட்டூர்பேட்டை. அப்பா காலத்திலிருந்து லுங்கி நெய்கிற குடும்பம். ஒருநாள் தறியில் நீளவாக்கில் கட்டும் பாவில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அதற்கு யார் காரணம் என்று பாவாவும் கூடப்பிறந்தவரும் பேச ஆரம்பித்தார்கள். சாயங்காலம் பார்த்தால் பாவா தன் பங்குக்கு வந்த தறிகளை டெம்போவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அறுந்த நூலை முடி போட்டிருந்தால் கால் நிமிஷ வேலை. இவர் குடும்பத்தையே அறுத்துக்கொண்டு திருத்தணிக்கு வந்தார். வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு விசைத்தறி ஓட்டுகிறார். அந்தச் சத்தத்தில் காது பாதி போய்விட்டது. அதனால் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூடத் தெருவே திரும்பிப் பார்க்கும். திட்டுகிறாரோ என்று புதிதாக வந்தவர்கள் பயப்படுவார்கள். பெரும்பாலும் திட்டிக்கொண்டுதான் இருப்பார்.

என் கல்யாணப் பந்தியில் பாயசம் வரத் தாமதமானது என்று இலையை மூடிவிட்டு எழுந்து போனவர் இவர். எத்தனை வருஷம் ஆனால் என்ன, நான் மறக்கவில்லை, மறக்கப்போவதும் இல்லை.

இந்த மனிதரை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் அவர் பெண் யோகலட்சுமி. ஒரே பெண். அரக்கோணத்தில் ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. காலை ரயிலில் போய் சாயங்கால ரயிலில் வருவாள். முகம் என் அக்கா ஜெயம்மாள் முகம். வாய் அப்படியே அப்பன் வாய். ரெண்டு பேரும் சாப்பாட்டில் உட்கார்ந்தால் அக்கா குழம்புக் கரண்டியோடு நடுவில் நிற்பாள்.

பாவா வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பார். காவடிக்குப் பூ வாங்கும்போதுதான் அவர் வாய் முழு வேகத்தில் ஓடும். “நேத்துப் பூவுக்குத் தண்ணி தெளிச்சி வச்சிக்கினு இன்னிக்குப் பூன்றான். முருகனுக்குப் போற பூவுலயே ஏமாத்தறானுங்க” என்று கடைத்தெரு முழுக்கக் கத்திக்கொண்டு வருவார். போன ஆடியில் யோகலட்சுமிக்குப் பொறுக்கவில்லை. “அடுத்த வருசம் நம்ம ஊட்லயே பூ பூக்கும் நைனா. யாரயும் திட்டாம மலையேறு” என்றாள். சொன்னதை அவள் மறக்கவில்லை. ஆந்திரா பக்கத்து நர்சரி ஒன்றில் போனிலேயே பன்னீர் ரோஜாச் செடிகளுக்கு ஆர்டர் போட்டாள்.

ஆனால் பார்சல் வருவதற்குள் அவள் வீட்டை விட்டுப் போக வேண்டியதாகிவிட்டது. அரக்கோணத்தில் ரயில்வேயில் வேலை பார்க்கும் சுதாகரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று அப்பன் முகத்துக்கு நேராகவே சொன்னாள். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. பையன் வேறு சாதி. தறி ஓடிக்கொண்டிருந்தது. பாவா தறியை நிறுத்தினார். அவர் தறியை நிறுத்திவிட்டுப் பேசினால் விஷயம் கைமீறிவிட்டது என்று அர்த்தம். “போனா போனதுதான். திரும்பி இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது” என்றார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலம் பாவா என் கடைக்கு வந்து தன் போனை மேஜைமேல் வைத்தார்.

“அந்தப் பேர எட்து போடு இதுலேர்ந்து.”

“எந்தப் பேர பாவா?” என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

“எட்து போடுன்னா எட்து போடு” என்று கத்தினார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் ஒதுங்கி நின்றார்கள். பெண்ணின் நம்பரை அவர் கண் முன்னாலேயே அழித்துக் கொடுத்தேன். பெற்ற பெண்ணை ஒரு பட்டனில் அழித்துவிடலாம் என்று நினைக்கிற மனிதரிடம் நான் என்ன பேசுவது?

சில நாள் கழித்துப் போஸ்ட்மேன் கோதண்டம் நீளமான அட்டைப்பெட்டியோடு வாசலில் வந்து நின்று, “யோகலட்சுமி, பார்சல்!” என்று குரல் கொடுத்தார். ஷெட்டிலிருந்து பாவா வந்தார். பெட்டியைப் பார்த்தார். அதன்மேல் எழுதியிருந்த பேரைப் பார்த்தார்.

“அந்தப் பேர்ல இந்த ஊட்ல யாரும் கெடையாது.”

கோதண்டம் சிரித்தாராம். “இன்னா ஜம்புலிங்கம், குட்டிப் பொண்ணுலேர்ந்து பாக்கறேன், யாரும் இல்லன்றியே?”

“இல்லன்னா இல்ல. எத்துனு போ.”

அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் வயிற்றெரிச்சலாக இருக்கிறது. கோதண்டம் வாயில் ஒரு விஷயம் விழுந்தால் கடிதத்தைவிடச் சீக்கிரம் ஊர் போய்ச் சேரும். அரக்கோணத்துக்கும் சேர்ந்தது. யோகலட்சுமி எனக்குப் போன் செய்தாள். “அப்படியா சொன்னாரு மாமா?” என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

என் அக்கா அன்றைக்கு ஒரு காரியம் செய்தாள். பாவா தறிக்குத் திரும்பியதும் தெருமுனைவரை ஓடிப்போய்க் கோதண்டத்தை நிறுத்தி, தன் கையெழுத்தைப் போட்டுப் பெட்டியை வாங்கி வந்துவிட்டாள். பிரித்துப் பார்த்தால் வேரில் ஈர நார் சுற்றி, பாலிதீனில் கட்டிய மூன்று குச்சிகள். ஆளுக்கு நாலு இலை. வழியில் கசங்கி, பழுத்துப்போய் இருந்தது. அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் போன் செய்தாள். பெண்ணோடு நேராகப் பேச அவளுக்குப் பயம், அதனால் நான் யோகலட்சுமிக்குப் போன் செய்தேன். அவள் சொல்ல, நான் அக்காவிடம் சொல்ல, நடவு நடந்தது.

“வந்த உடனே வெயில்ல வெக்கக் கூடாது மாமா. ரயில்ல வந்தவன உடனே வேலைக்கு அனுப்புவீங்களா? வேரத் தண்ணில கொஞ்ச நேரம் ஊற வெக்கச் சொல்லுங்க. செம்மண்ணு, மணலு, மக்கின எரு. தொட்டிக்கு அடியில ஓட்ட இருக்கணும். மொத வாரம் நெழல்லயே இருக்கட்டும்.”

அவள் குரலில் ஒரு மாற்றமும் இல்லை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நைனா எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

உடைந்த சாயப் பீப்பாயை அறுத்து அக்கா தொட்டிகள் செய்தாள். மறுநாள் பாவா பார்த்துவிட்டார்.

“யார் ஊட்டுச் செடி இது?”

“என் ஊட்டுச் செடி” என்றாள் அக்கா. கல்யாணமானதிலிருந்து அவள் அவரை எதிர்த்துச் சொன்ன முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

பாவா காலால் ஒரு தொட்டியைத் தள்ளினார். அது விழவில்லை. கனமாக இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே போனார். பத்துப் பதினைந்து நாளில் குச்சிகளில் செம்பு நிறத்தில் துளிர் விட்டது. ஒருநாள் நான் போனபோது தொட்டிகள் ஷெட்டின் கிழக்குப் பக்கத்துக்கு இடம் மாறியிருந்தன. காலை வெயில் நன்றாக விழுகிற இடம். யார் மாற்றினது என்று கேட்டேன். “வழில கெடந்து கால்ல இட்சிக்கினே இருந்திச்சி. அதான் தள்ளி வெச்சேன்” என்றார் பாவா, என் முகத்தைப் பார்க்காமல்.

அப்புறம் பக்கத்துவீட்டுப் பூவம்மாளின் ஆடு வந்து ஒரு துளிரைக் கடித்தது. பாவா போட்ட சத்தத்தில் பூவம்மாள் ஒரு வாரம் தெருப்பக்கம் வரவில்லை. நான்தான் போய் ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்று சொன்னேன். வளைந்த ரீடு, உடைந்த பாபின் என்று தறிச் சாமான், பழைய கம்பி எல்லாவற்றையும் சேர்த்துச் செடிக்கு வேலி கட்டினார். கட்டும்போதும் திட்டு. செடியைத் திட்டினார், ஆட்டைத் திட்டினார், ஆந்திராக்காரனைத் திட்டினார். திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றினார். பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு இதைப் பார்க்கப் பார்க்க எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. அவள் வாங்கிய செடிக்கு வேலி கட்டத் தெரிகிறது, அவளிடம் போனில் ஒரு வார்த்தை பேச மட்டும் வாய் வரவில்லையா?

மார்கழிப் பனியில் இலைகளில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்தது. திருநீறு தெளித்த மாதிரி. துளிரெல்லாம் சுருண்டுகொண்டது. அக்கா பதறி எனக்குப் போன் செய்தாள். நான் யோகலட்சுமியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்றைக்குக் கடையில் கூட்டம். சாயங்காலம் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பாவா சாயங்காலம்வரை இருக்கிற ஆளா? நெசவுக்காரருக்குப் பூஞ்சை என்றால் ஒரே வைத்தியம்தான். மழைக்காலத்தில் பாவு பூஞ்சை பிடிக்காமல் இருக்க, நூல் விறைக்கப் போடும் கஞ்சியில் மயில்துத்தம் கலப்பது அவர் அப்பா காலத்துப் பழக்கம். நீலக் கல் மாதிரி இருக்கும் அந்தத் துத்தம். கைத்தறி போய் விசைத்தறி வந்த பிறகும் அவர் ஷெட்டில் ஒரு பாட்டிலில் அது கிடந்தது. அக்காவிடம் சோற்றுக் கஞ்சி வாங்கினார். துத்தத்தை இடித்துப் போட்டார். பாவுக்குக் கலக்கிற அளவுக்கே கலக்கினார். நம்புவீர்களா, பழைய பாவு பிரஷ்ஷைத் தேடி எடுத்து ஒவ்வோர் இலைக்கும் மேலும் கீழும் கஞ்சி தடவினார். மீதியை வேருக்கு ஊற்றினார். மறுநாளும் ஊற்றினார். கோபக்காரர் கை, அளவு தெரியாது.

நான் போய்ப் பார்க்கும்போது ரோஜாச் செடிகள் கஞ்சி போட்ட வேட்டி மாதிரி விறைத்துக்கொண்டு நின்றன. மண்ணின்மேல் நீலமாகப் படிந்திருந்தது. வாரம் முடிவதற்குள் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது. ரெண்டு செடி அடியோடு கறுத்தது. மூன்றாவதில் ஒரு கிளை மட்டும் பச்சையாக இருந்தது.

“அறிவிருக்கா பாவா உனக்கு? அது செடி, பாவு இல்ல” என்று முதல் தடவையாக அவரிடம் கத்தினேன்.

திருப்பிக் கத்துவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பச்சைக் கிளையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “செத்த செடிய வித்துட்டான் அவன். அவனுக்குப் போன் போடு” என்றார்.

பார்சல் அட்டையில் நர்சரி நம்பர் இருந்தது. மறுநாள் காலையில் அட்டையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள், தெலுங்கில் பேசினாள். பாவாவுக்கு என்ன, கோபப்பட ரெண்டு பாஷை இருக்கிறது. தெலுங்கிலேயே ஆரம்பித்தார். செத்த குச்சியை அனுப்பி ஏமாற்றினாய், முருகனுக்கு வேண்டிய செடி, நீ நன்றாக இருப்பாயா என்று மூச்சு விடாமல் திட்டினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டாள்: “வேற செடி அனுப்பறோம்ங்க. ஆர்டர் யார் பேர்ல இருக்கு?”

பாவா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“யார் பேர்லன்னா இன்னா? செடி செத்துப்போச்சின்றேன்.”

“பேர் சொன்னாத்தாங்க பாக்க முடியும்.”

“திருத்தணின்னு போட்டுப் பாரு.”

“திருத்தணிக்கு நெறைய அனுப்பியிருக்கோம்ங்க. யார் பேரு?”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிவிடுவேன் என்று எதிர்பார்த்தார். எத்தனையோ வருஷமாக அவருக்காகப் பேசிப் பழகின வாய். அன்றைக்கு நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். ஜெராக்ஸ் மிஷினில் பேப்பர் அடுக்க ஆரம்பித்தேன். சாகட்டும், இந்த ஒரு வார்த்தையை அவரே சொல்லட்டும் என்று இருந்தது.

“அட்ரஸ் சொல்றேன்” என்றார். “போஸ்ட்மேன் பேர் சொல்றேன்” என்றார். அந்தப் பெண்ணுக்கும் பொறுமை போயிற்று. “பேர் இல்லன்னா நான் போன வெக்கறேங்க” என்றாள்.

“யோகலட்சுமி” என்றார். கடையே அதிர்ந்தது. பஸ் ஸ்டாண்டில் நின்றவர்கள் திரும்பினார்கள். “யோகலட்சுமி. என் பொண்ணு.”

அந்தப் பக்கம் கம்ப்யூட்டரில் தட்டுகிற சத்தம் கேட்டது. “ஆங், இருக்குங்க. ஆனா அவங்க நம்பர்லேர்ந்துதாங்க கேக்கணும். அவங்கள பேசச் சொல்லுங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பாவா ஸ்டூலில் உட்கார்ந்தார். சட்டையெல்லாம் வேர்த்திருந்தது. என் போனில் யோகலட்சுமி நம்பரைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். நன்றாகக் கேட்கிற காதில் வைத்துக்கொண்டார். ஆனால் ஸ்பீக்கர் போட்டபடியே இருந்தது, எனக்கும் கேட்டது.

“சொல்லுங்க மாமா.”

“மாமா இல்ல. நான்.”

அரக்கோணத்தில் ஏதோ ரயில் போகிற சத்தம் மட்டும் வந்தது.

“யார் வேணும் உங்களுக்கு?” என்றாள்.

“யோகலட்சுமி…”

“அந்தப் பேர்ல யாரும் கெடையாதுன்னு போஸ்ட்மேன்கிட்ட சொன்னீங்களாமே. இல்லாதவகிட்ட இன்னா பேச்சு?”

சரியான அடி. எனக்குக் கை தட்ட வேண்டும்போல இருந்தது. அதே சமயம் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூச்சு விடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“செடி சாவுதும்மா” என்றார் பாவா.

“இன்னா பண்ணீங்க?”

“பூஞ்சம் புட்சிச்சி. கஞ்சில துத்தம் கலந்து…”

“துத்தத்த வேர்ல ஊத்தினியா? நைனா! அறிவிருக்கா உனக்கு? யாரயாவது ஒரு வார்த்த கேட்டியா? எல்லாம் உனக்கே தெரியும் இல்ல? எவனயும் கேக்க மாட்ட. கேட்டா உன் கௌரவம் கொறஞ்சி போயிடும். செடின்னா செடி, பொண்ணுன்னா பொண்ணு, புட்ச்ச மாதிரி ஊத்து, கருகிப் போவட்டும். அம்மா மாமாவ நடுவுல வெச்சித் திருட்டுத்தனமா எங்கிட்ட பேசறாங்களே, அது தெரியுமா உனக்கு? பெத்த பொண்ணுகிட்டப் பேச எதுக்குத் திருட்டுத்தனம்?”

அவள் நிறுத்தவே இல்லை. நீங்கள் போய் நீ ஆகிவிட்டது. வாடிக்கையாளர் ரெண்டு பேர் வந்து நின்றார்கள், நான் கையைக் காட்டி நிறுத்தினேன். ஊரையே திட்டுகிற ஜம்புலிங்கம் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “ஆங்… ஆங்…” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லவில்லை.

கடைசியில், “எதுனா பச்சையா இருக்கா?” என்று கேட்டாள்.

“ஒரு கிள.”

“மண்ணோட எடுக்காத. மண்ண மொத்தமாத் தட்டிடு. வேர நல்ல தண்ணில நல்லா அலசு. கருகின வேர வெட்டிடு. புதுமண்ணுல வெச்சி நெழல்ல வை. தண்ணி கொஞ்சமா ஊத்து. வேற எதயும் ஊத்தாத. எதயும். புரியுதா?”

“ஆங்.”

“பொழைக்குமான்னு எனக்குத் தெரியாது” என்றாள். வைத்துவிட்டாள்.

நர்சரியில் வேறு செடி கேட்கிறேன் என்று அவளும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வாசற்படி மிதிக்கலாமா கூடாதா என்ற பேச்சும் வரவில்லை. சுதாகர் பேரை இன்னும் அவர் வாயால் சொல்லவில்லை. அதற்கு இன்னொரு செடி சாக வேண்டுமோ என்னவோ. எனக்கு இன்றைக்கும் அவர்மேல் கோபம்தான்.

அன்றைக்கு அவர் என் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உடனே போகவில்லை. சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்து, நம்பரை அழிக்கச் சொன்ன அன்றைக்கு வைத்த அதே இடத்தில் வைத்தார்.

“அந்த நம்பர இதுல போட்டுக் குடு.”

“இன்னா பேர்ல போடறது பாவா?” என்றேன். இந்தத் தடவையும் வேண்டுமென்றேதான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். தறிச் சத்தத்துக்கு மேலே கத்திப் பழகின தொண்டை, தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

“யோகலட்சுமின்னு போடுடா. வேற இன்னா பேரு அவளுக்கு?”

போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, செடியை அலச வேண்டும் என்று வீட்டுக்கு வேகமாக நடந்தார்.